பிரியும் வகுப்பு

தை மாதக் கடைசியில், டில்லிக் குளிர் சற்றே தளரத் தொடங்கும் நாட்களில், நம் காலனியில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் அன்னையின் பட்டுப் புடவையை அன்றுதான் முதன்முறையாக உடுத்து, கொசுவத்தைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியிறங்குகின்றனர். பையன்கள் தமையனின் கோட்டை மாட்டிக்கொண்டு, ‘டை’ நேராக இருக்கிறதா என்று ஸ்கூட்டர்க் கண்ணாடியில் பார்த்துக்கொள்கின்றனர். பள்ளியில் அன்று பிரிவுபசார விழா. இளைய வகுப்பார் சிற்றுண்டி வழங்குவர். ஆசிரியர்கள் அறிவுரை கூறுவர். எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வர். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளின் கண்கள் சிவந்திருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால், “ஒன்றும் இல்லை” என்பார்கள்.

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தக்க நாளா அது? பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடுவது அதுவே கடைசி முறை. மறுநாள் முதல் அவர்கள் தனித்தனி எண்களாகித் தேர்வு மண்டபத்துக்குள் நுழைவர். பிறகு ஊர் ஊராகச் சிதறுவர்.

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. படிப்பு முடியும் பருவத்தில் ‘வகுப்பு நாள்’ என்று ஒரு நாளைக் குறிப்பர். அன்று மாணவருள் ஒருவர் ‘வகுப்பு வரலாறு’ வாசிப்பார். சேர்ந்த நாள் முதல் பிரியும் நாள் வரை நடந்தவை அதில் வரும். மற்றொருவர் ‘வகுப்புத் தீர்க்கதரிசனம்’ வாசிப்பார். இருபது ஆண்டு கழித்து இன்னார் நீதிபதியாவார், இன்னார் சர்க்கஸ் கம்பெனி நடத்துவார் என்று வேடிக்கையும் வாழ்த்தும் கலந்து அது அமையும். 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய வழக்கம் இது.

நம் நாட்டுப் பள்ளிகளில் இவ்விரண்டையும் எழுதி வைக்கும் பழக்கம் வளரவில்லை. குரூப் போட்டோவும் ஆட்டோகிராப் புத்தகமுமே நமக்கு எஞ்சின. ஆயினும், பள்ளியை விட்டுப் பிரிந்த வகுப்புகளின் வரலாறு நமக்கும் உண்டு. படத்தில் நின்றவர் யார், நிற்க இயலாமற் போனவர் யார், அவர்கள் எண்ணிய எதிர்காலம் எது, வந்து சேர்ந்த எதிர்காலம் எது என்னும் வினாக்களோடு அவ்வரலாற்றின் சில ஏடுகளை இம்மலரில் புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

முதல் வகுப்பு

‘பள்ளியிறுதி’ என்னும் சொல்லுக்கு இந்தியாவில் பொருள் பிறந்த ஆண்டு 1857. வடநாட்டில் சிப்பாய்ப் புரட்சி மூண்ட அதே ஆண்டில், ஜனவரி 24இல் கல்கத்தாவிலும், ஜூலை 18இல் பம்பாயிலும், செப்டம்பர் 5இல் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் நிறுவப்பெற்றன. அன்றைய பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடமன்று. தேர்வு நடத்தும் இடம். கல்லூரிக்குள் நுழைய விரும்பும் மாணவனை அளந்து பார்க்க அது ஒரு தேர்வை வைத்தது. கல்கத்தாவில் அதற்கு நுழைவுத் தேர்வு என்று பெயர். சென்னையிலும் பம்பாயிலும் மெட்ரிகுலேஷன்.

கல்கத்தாவில் முதல் தேர்வுக்கு அமர்ந்தவர் 244 பேர். சென்னையிலோ அதனினும் மிகச் சிலரே. பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலாக வைக்கப்பெற்ற இத்தேர்வு, சில ஆண்டுகளிலேயே பள்ளியின் வெளிவாயிலாகவும், பின்னர்ச் சர்க்கார் உத்தியோகத்தின் முன்வாயிலாகவும் ஆயிற்று. ‘மெட்ரிகுலேஷன் தேறியவன்’ என்றால் கச்சேரியில் ஒரு நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம், கலியாணச் சந்தையில் ஒரு விலை என்று ஊரார் கணக்கிட்டனர். அக்கால வகுப்பு கண்ட எதிர்காலம் பெரும்பாலும் இவ்வளவே.

ஆனால் அந்தத் தொடக்க காலத்திலேயே ஒருவர் இக்கணக்கை மீறினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். அவருள் ஒருவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. கடல் கடந்து வந்து, ஆங்கிலத் தேர்வு எழுதி, ஆங்கில ஆட்சியில் பதவி வகித்து, பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர் அவர். வகுப்புத் தீர்க்கதரிசனம் வாசிக்க அன்று ஒருவர் இருந்திருந்தால் நீதிபதிப் பதவியைச் சொல்லியிருப்பார். செல்லரித்த ஓலைச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றுவார் என்று எவர் சொல்லியிருக்க முடியும்? புதிய கல்வியின் முதல் வகுப்பில் தேறியவர் முன்னே ஓடியதோடு நில்லாமல் திரும்பியும் பார்த்தார். அவர் திரும்பிப் பார்த்ததனால் தமிழுக்கு வந்த செல்வத்தை இன்று நாம் நுகர்கிறோம். சொந்த ஊரை விட்டு வந்தவர் ஒருவரே இதைச் செய்தார் என்பதை நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்கள் சற்று நின்று எண்ண வேண்டும்.

படத்தில் இல்லாதவர்கள்

அந்நாளைய வகுப்புகளைப் பெருமையோடு பேசும்போது மறைக்கத் தகாத ஒன்று உண்டு. அவ்வகுப்பறையில் யார் யார் இல்லை?

இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் நூலில் எழுதிவைத்திருக்கிறார். 1939இல் வெளிவந்த சிறு நூல் அது. தம் குலமும் குடியிருப்பும் பிற மாணவருக்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும் வரை அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் உடன் பயில்வோர் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வாராம். கூடி விளையாட ஆசை இருந்தும் விளையாடவில்லை. ஒரு சிறுவன் தன் வகுப்பைத் திரும்பிப் பார்க்கும்போது நினைவுக்கு வருவது தான் ஓடிய ஓட்டமே என்றால், அவ்வகுப்பின் வரலாற்றை யார் எழுதுவது? அந்தச் சிறுவர் பிற்காலத்தில், 1930இல், லண்டன் வட்டமேஜை மாநாட்டில் தம் மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார்.

அம்மாநாட்டில் அவரோடு அமர்ந்த மற்றொருவர் டாக்டர் அம்பேத்கர். 1907இல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறியவர். பள்ளிச் சிறுவராக அவர் பெற்ற தேர்ச்சியைப் பாராட்டிச் சமூகத்தார் கூட்டம் ஒன்று கூட்டினர். பிறருக்கு ஆண்டுதோறும் நிகழும் சாதாரண நிகழ்ச்சி, அவர்களுக்கு ஊர் கூடிக் கொண்டாடத் தக்க அருநிகழ்ச்சியாக இருந்தது. கேளுஸ்கர் என்னும் மராத்தி அறிஞர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அச்சிறுவர் கையில் பரிசாகத் தந்தார். அதைப் படித்து மனம் நெகிழ்ந்ததாக அம்பேத்கரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியதற்குக் காரணங்கள் பல. ஆயினும், ஒரு பள்ளி மாணவனின் கையில் ஒரு பெரியவர் வைத்த புத்தகம் அந்நெடுவழியின் தொடக்கத்தில் இருக்கிறது. எதிர்காலத்தைக் கனவு காண்பது பிள்ளைகளின் வேலை என்று எண்ணுகிறோம். அக்கனவுக்குரிய பொருளை எவரேனும் ஒருவர் கையில் எடுத்துக் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது.

பெண்களின் கதையும் இத்தகையதே. கல்கத்தாவில் 1878இல்தான் கடம்பினி பாசு நுழைவுத் தேர்வில் தேறினார். நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பருவம் எய்தியபின் பள்ளிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலேயே பாடம் பயின்று, 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினார். அவருக்கு வகுப்புத் தோழியர் இல்லை, குரூப் போட்டோ இல்லை, பிரிவுபசாரம் இல்லை. ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால் இடம் கிடைத்தது. 1912இல் மருத்துவப் பட்டம், பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைமை, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ மனை என்று அவர் வாழ்வு விரிந்தது. இத்தனைக்கும் விதை, மாணவர் ஒருவரே இருந்த ஒரு வீட்டு வகுப்பு.

தாள் கூறாதவை

தேர்வுத் தாளைக் கொண்டு எதிர்காலம் கூற முயல்வோருக்கு இரண்டு தமிழர்களின் கதை போதும்.

1904ஆம் ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைப் பெற்ற மாணவர் சீனிவாச இராமாநுஜன். முழு மதிப்பெண்ணும் இவருக்குப் போதாது என்ற கருத்தில் தலைமையாசிரியர் அவரை அவைக்கு அறிமுகம் செய்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. வகுப்புத் தீர்க்கதரிசனம் அன்று மிகவும் ஒளியுடையதாக இருந்திருக்கும். அதன்பின் நடந்ததென்ன? கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று, கும்பகோணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தேர்வில் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. அன்று அவருடைய பள்ளித் தோழர் யாரேனும் வழியில் கண்டிருந்தால், பரிசு வாங்கிய பையனா இவன் என்று இரங்கியிருப்பார். 1914இல் கேம்பிரிட்ஜ், 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். தீர்க்கதரிசனம் முதலில் பொய்த்து, பிறகு எவரும் எண்ணாத அளவில் பலித்தது.

மற்றவர் நமக்கு இன்னும் நெருக்கமானவர். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். தந்தையார் மறைந்தபின் 1898இல் காசிக்குச் சென்று, அத்தை வீட்டில், அனுமான் கட்டத்தருகே தங்கினார். அங்கே பள்ளியில் சேர்ந்து அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். வேறு மொழி பேசும் ஊரில், உறவினர் வீட்டு மாடியில், வடமொழியும் இந்தியும் கற்றுக்கொண்டு, உள்ளத்தில் தமிழை வைத்துக்கொண்டு திரிந்த பதினாறு வயதுப் பிள்ளை. நம் காலனியில் இன்று வளரும் பிள்ளைகளின் மூத்த தமையன் என்று அவரைச் சொன்னால் தவறில்லை. அத்தேர்வின் சான்று அவருக்கு உத்தியோகம் எதையும் பெற்றுத் தந்துவிடவில்லை. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். பின் பத்திரிகைக்குப் போனார். தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பிற்காலத்தில் கசப்போடு பாடியவர் அவர். ஆனால் காசியில் கழிந்த நாட்கள் அவர் நெஞ்சில் பாரத நாடு முழுவதற்கும் இடம் செய்தன. வெளியூரில் வளர்வது தமிழுக்கு இழப்பு என்று அஞ்சும் பெற்றோர் அவரை எண்ணித் தேறலாம். வெளியூரில் வளர்ந்தும் தமிழை விடாமல் வைத்திருந்தார் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

மச்சமும் இனிஷியலும்

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனின் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. பிடித்தது. ஒரு நாள் தேர்வின் முடிவை மட்டும் பாராமல், உயர் வகுப்புகளில் மாணவன் பெற்ற மதிப்பெண்களையும் ஒரு புத்தகத்தில் பதிந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தப் புத்தகத்தை நம் பெரியவர்கள் பலர் இன்றும் மஞ்சள் பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கின்றனர்.

அதைத் திறந்து பார்த்தால் சிரிப்பும் வரும், நெஞ்சும் கனக்கும். அங்க அடையாளம் என்று இரண்டு வரி: இடக் கன்னத்தில் ஒரு மச்சம்; வலது முழங்காலில் ஒரு தழும்பு. பிறந்த தேதி என்று ஒன்று இருக்கும். பலருக்கு அதை அருளியவர் தாயார் அல்லர், ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். எந்நாளில் பிறந்தவனாயினும் பள்ளியில் சேர வயது போதவேண்டுமே! அவர் போட்ட தேதியை நம்பியே பிற்காலத்தில் சர்க்காரும் ஓய்வு கொடுத்தது. ஒரு வகுப்பைப் பற்றிச் சர்க்கார் பின்னோக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டவை இம்மச்சமும் தேதியும் மதிப்பெண்ணுமே. வாய்க்காலில் நீந்தியதும், கணக்கு வாத்தியாரின் பிரம்பும், பக்கத்தில் அமர்ந்தவன் பகிர்ந்த கட்டுச்சோறும் அதில் இல்லை.

அப்புத்தகத்தையும் டைப்ரைட்டிங் சான்றையும் எடுத்துக்கொண்டே ஒரு தலைமுறை வடக்கே ரயிலேறியது. 1911 தர்பாரில் தலைநகரம் டில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பெற்றது முதல், கணக்கும் சுருக்கெழுத்தும் தெரிந்த தென்னாட்டு இளைஞர்களுக்கு இங்கே வேலை இருந்தது. கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் டில்லி என்று அரசாங்கம் மூட்டை கட்டிய நாட்களில் குமாஸ்தாக்களின் குடும்பங்களும் மூட்டை கட்டின. பிற்காலத்தவர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழித்துப் புதுடில்லியில் இறங்கினர். இறங்கியதும் கேட்கப்பட்ட முதல் கேள்வி குடும்பப் பெயர் என்ன என்பது. எழுத்தொன்றை முன்னே வைத்துப் பெயரெழுதி வந்தவர், தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ பின்னே ஒட்டிக்கொண்டு புதுமனிதரானார். ஒரே அண்ணன் தம்பிக்கு இருவேறு குடும்பப் பெயர் அமைந்த வேடிக்கையும் உண்டு.

தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமே என்னும் கவலை அவர்களை விடவில்லை. 1920களில் டில்லியில் மதராஸி கல்விக் கழகம் உருவாயிற்று. அதுவே பின்னர் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பெயர் பெற்று, இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், இலட்சுமிபாய் நகர் முதலிய ஏழிடங்களில் பள்ளி நடத்துகிறது. பம்பாய் மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கோயிலும் சங்கீத சபையும் கட்டியவர்கள் என்றே நம் முன்னோரைப் புகழ்கிறோம். பள்ளி கட்டியதே அவர்கள் செய்தவற்றுள் மிகப் பெரியது என்பது நம் கருத்து.

கதவு அகன்ற கதை

தாய்நாட்டில் அதற்குப் பின் நடந்தது, வகுப்பறையின் கதவு அகன்ற கதை. அதைச் செய்தவருள் முதன்மையானவர் பள்ளியிறுதி வகுப்பைக் காணாதவர். விருதுநகரில் 1903இல் பிறந்து, ஆறு வயதில் தந்தையை இழந்து, பன்னிரண்டாம் வயதுக்குள் பள்ளியை விட்டு மாமன் கடைக்குச் சென்றவர் காமராஜர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1956 முதல் பள்ளியிலேயே மதிய உணவு கிடைக்க வழி செய்தார். படத்தில் நிற்க இயலாமற் போன ஒருவர், தம்மைப் போல் இனி எவரும் விடுபடலாகாது என்று எண்ணினார். அவருடைய ஆட்சியில் பள்ளி சேர்ந்த பிள்ளைகள் பிரியும் வகுப்பாக நின்றபோது, அவ்வரிசையில் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர் எத்தனையோ பேர்.

பிறகு பள்ளியிறுதியின் வடிவமும் மாறியது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு பத்தும் இரண்டும் என்னும் திட்டத்தைப் பரிந்துரைத்தது. டில்லியில் 1977இல் பத்தாம் வகுப்புக்கும் 1979இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மத்திய வாரியம் புதுமுறைத் தேர்வுகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்பு பிறந்து, 1980இல் முதல் தேர்வு நடந்தது. பதினொன்றாம் வகுப்போடு பிரிந்தவர்கள் பெற்றோராகி, பன்னிரண்டாம் வகுப்போடு பிரியும் பிள்ளைகளைப் பார்த்து நிற்கலாயினர். ஆண்டு ஒன்று கூடியது; கண்ணீரின் அளவு மாறவில்லை.

நம் சங்கத்தில் ஒரு மாலை

இவ்வரலாற்றை எல்லாம் எண்ணி, நம் சங்கத்தில் அண்மையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். காலனியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை ஒரு மாலை அழைத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். மேற்பாதியில் பின்னோக்கு, கீழ்ப்பாதியில் முன்னோக்கு, தமிழில் எழுதவேண்டும் என்றோம். வந்தவர் பதினொரு பேர்.

பின்னோக்கில் நாம் எதிர்பார்த்த பள்ளிக் கோப்பைகள் அதிகம் வரவில்லை. பிள்ளையார் கோயில் சுண்டலுக்கு இரண்டு முறை வரிசையில் நின்றது, தந்தைக்கு மாற்றல் வந்த ஆண்டில் தோழியைப் பிரிந்தது, நம் ஆண்டு விழா நாடகத்தில் வசனம் மறந்து மேடையில் நின்றது ஆகியவையே வந்தன. முன்னோக்கில் பெங்களூரும் டொராண்டோவும் ஐ.ஏ.எஸ்.ஸும் இருந்தன. ஒரு பையன், எந்த ஊரில் இருப்பேன் என்று தெரியவில்லை, அங்கே அம்மாவை அழைத்துக்கொள்வேன் என்று மட்டும் எழுதியிருந்தான்.

தாள்களைத் திரட்டியபோது நான்கு தாள்கள் தேவநாகரி எழுத்தில் இருந்தன. தமிழில் அல்லவா கேட்டோம் என்றோம். ஒரு பெண் நாணத்தோடு சொன்னாள்: “தமிழில்தான் எழுதினேன் மாமா. எழுத்துத்தான் ஹிந்தி.” வாசிக்கச் சொன்னோம். தஞ்சைப் பாட்டியின் பேச்சு அப்படியே ஒலித்தது. மொழி வந்துவிட்டது, எழுத்து வரவில்லை. குற்றம் அப்பெண்ணுடையதன்று. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எட்டு வயதில் சேர்ந்தவள், டியூஷனுக்கு ஞாயிறு வேண்டும் என்று நாம்தாம் இரண்டாண்டில் நிறுத்திவிட்டோம்.

இதனினும் பெரிய பிழை மறுநாள்தான் தெரிந்தது. நம் வீடுகள் சிலவற்றில் வேலை செய்யும் விழுப்புரத்து அம்மையாரின் மகனும் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பே. அவனை அழைக்க வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘காலனிப் பிள்ளைகள்’ என்று நாம் எழுதிய பட்டியலில் அவன் இல்லை. அவர்கள் ஜங்புராவின் மதராஸி முகாமில் குடியிருந்தவர்கள். பாராபுல்லா வடிகாலோரம் இருந்த அம்முகாம், உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1இல் இடிக்கப்பெற்றது. 300க்கு மேற்பட்ட குடிசைகள், பெரும்பாலோர் தமிழர். தகுதியுடையோர் என்று கண்ட குடும்பங்களுக்கு நகரின் மறுகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கினர். பிள்ளைகளுக்குப் பள்ளியும், அன்னையருக்கு வேலையும் தொலைவாயின.

தாயார் வழியாகத் தாள் ஒன்றை அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்தது. பிழையற்ற தமிழ், முத்துக் கோத்தாற்போன்ற எழுத்து. தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை. பின்னோக்கில் வகுப்புத் தோழர்களின் பெயரை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தான். ஒருவர் பெயரும் விடவில்லை. முன்னோக்குக்கு விட்ட பாதித் தாளில் ஒரே வரி: இரண்டு பஸ் மாறாமல் போகக்கூடிய கல்லூரி ஒன்று கிடைத்தால் போதும்.

சீனிவாசனார் மணி அடிக்கும் வரை வெளியே நின்ற கதையைப் படித்து இரங்கும் நாம், நம் சங்க மண்டபத்துக்கு வெளியே ஒரு பிள்ளையை நிறுத்திவைத்திருந்தோம். எவரும் வேண்டுமென்று செய்ததன்று. நினைவில் இல்லாமையால் நேர்ந்தது. பழைய குரூப் போட்டோக்களிலும் இடம் விடுபட்டவர்கள் பலர் இப்படி நினைவின்மையாலேயே விடுபட்டிருப்பர்.

செய்யத் தக்கது

அன்பர்களே! வரலாற்றைப் பேசிக் கைதட்டிக் கலைவது எளிது. ஆண்டு மலரில் இதை எழுதுவதன் பயன் மூன்று செயல்களில் அடங்கும் என்று எண்ணுகிறோம்.

முதலாவது, இனி ஆண்டுதோறும் பிரியும் வகுப்பின் தாள்களைத் தொகுத்துச் சங்கத்தில் ‘வகுப்பு ஏடு’ என்று ஒரு கட்டாகக் காத்தல். இருபது ஆண்டு கழித்து அப்பிள்ளைகள் எங்கிருந்து வந்தாலும் தம் கையெழுத்தைத் தாமே காண வேண்டும். இரண்டாவது, ஞாயிற்றுத் தமிழ் வகுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறுத்தாதிருத்தல். வாரம் ஒரு மணி நேரம் பிள்ளையின் தேர்வைக் கெடுத்துவிடாது. மூன்றாவது, பட்டியல் எழுதும்போது நம் காலனியின் மதிலுக்கு அப்பாலும் பார்த்தல். நரேலாவிலிருந்து வரும் பிள்ளைக்குப் பஸ் பாஸும் புத்தகமும் சங்கத்தின் செலவாக ஏற்றல். கேளுஸ்கர் கொடுத்தது ஒரே ஒரு புத்தகந்தான்.

அத்தம்பியின் தாள் இப்போது கட்டின் மேலே, முதல் தாளாக இருக்கிறது. கீழ்ப்பாதியில் அந்த ஒரு வரிக்கு அப்பால் இடம் நிறைய வெறுமையாக உள்ளது. அதை நிரப்பும் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்த தை மாதத்தில் எடுக்கும் படத்தில் அவன் தம்பியும் தங்கையும் நம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கட்டும்.

பிரியும் வகுப்பு வாழ்க! பிரியாத தமிழ் வாழ்க! வளர்க நம் சங்கம்!